பக்கவாதமும் உழைப்பாளி மக்களும்

(வேப்பூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய சங்க வகுப்பில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பில் கூலி உயர்வைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்திய வகுப்பில் மனைப் பட்டாவைப் பற்றிப் பேசினோம். இன்று பக்கவாதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதென்ன, சங்க வகுப்பில் வைத்தியப் பேச்சு?" என்று சிலருக்குத் தோன்றலாம். கடைசிவரை கேளுங்கள். இது சங்க விஷயமா இல்லையா என்று பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் டாக்டர் அல்ல. என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோனது. ஆனால் ஒரு நாள் காலையில் நான் செய்த தவறு என்னை விடாமல் துரத்தியது. அதனால் டாக்டர்களிடம் போய்க் கேட்டேன். அவர்கள் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டு, புரியாத இடத்தைத் திரும்பவும் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு சுயவிமர்சனம்

நம் பகுதியில் பீங்கான் சூளையில் சரக்கு அடுக்கும் வேலை செய்துவந்த தோழர் ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. பெயர் வேண்டாம். சங்கக் கூட்டமென்றால் முதலில் வந்து ஜமுக்காளம் விரிப்பவர் அவர்தான்.

அன்று வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தை நாள். முதல்நாள் இரவுக் கூட்டம் முடிந்து நான் அவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தேன். காலை ஆறு மணிக்கு அவர் மனைவி கஞ்சிச் சொம்பை நீட்டினார். தோழர் வலது கையால் வாங்கினார். சொம்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை எழவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

அக்கம்பக்கத்தார் கூடினார்கள். "காத்து பட்டிருக்கும்" என்றார் ஒருவர். "எண்ணெய் காய்ச்சித் தேய்" என்றார் இன்னொருவர். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று சந்தைக்கே ஆள் அனுப்பினார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ராத்திரி முழுக்க சூளை வெக்கையில் நின்றவர். கொஞ்சம் படுத்துத் தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்றேன்.

தோழர்களே, அது தெளியவில்லை. மதியத்துக்கு மேல் கார் பிடித்தோம். போன முதல் இடத்தில் ஸ்கேன் இல்லை. அடுத்த ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். தலையை ஸ்கேன் எடுக்கும்போது மாலை நாலு மணி. அங்கே, "நேரம் கடந்துவிட்டது. இனி மூளையைக் காக்கிற ஊசி போட வேண்டும், தினம் போட வேண்டும்" என்றார்கள். பத்து நாள் போட்டார்கள். சினை ஆடுகள் இரண்டும் அடுத்த சந்தைக்குப் போயின. தோடு அடகுக் கடைக்குப் போனது. தோழர் இன்று காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கை வேலைக்கு உதவவில்லை.

மூளையைக் காக்கிற ஊசி என்றால் என்ன? அப்படி ஒன்று இருக்கிறதா? ஆறு மணிக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த மூன்று கேள்விகளோடுதான் நான் டாக்டர்களிடம் போனேன்.

தலைமடையும் கடைமடையும்

மூளை உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு வாங்குகிற பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே தின்கிறது. சேமிப்பு என்பது அதற்குக் கிடையாது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கிற குடும்பம் போல, வந்துகொண்டேயிருக்கும் ரத்தத்தை நம்பித்தான் அது உயிர் வாழ்கிறது.

பக்கவாதம் இரண்டு வகை. ஒன்று, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் வெடித்துக் கசிவது. மற்றொன்று, ரத்தக் கட்டி குழாயை அடைத்துக்கொள்வது. உலகத்தில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் வருவது அடைப்பு வகை. நம் தோழருக்கு வந்ததும் அதுதான்.

அடைத்தால் என்ன நடக்கிறது? விவசாயத் தோழர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். ஒரு கிளை வாய்க்கால் மண் சரிந்து அடைத்துக்கொள்கிறது. அந்த வாய்க்காலை மட்டுமே நம்பிய பாத்தி உடனே காய்ந்து போகிறது. சுற்றியிருக்கும் பாத்திகளுக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து கொஞ்சம் ஊற்று கசிகிறது. அங்கே பயிர் தலை தொங்கி வாடி நிற்கிறது, ஆனால் சாகவில்லை. இன்றைக்கு மண்ணை வெட்டிவிட்டால் நிமிர்ந்துவிடும். நாளைக்கு வெட்டினால் சருகுதான் மிஞ்சும்.

மூளையிலும் இப்படியேதான். அடைப்பின் நடுவிலுள்ள நரம்பணுக்கள் சில நிமிஷங்களில் மடிகின்றன. சுற்றியுள்ளவை வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. 1970-களில் லண்டனில் குரங்குகளை வைத்து நடந்த ஆராய்ச்சி இதை வெளிப்படுத்தியது. ரத்தம் ஓரளவு குறைந்தால் நரம்பணு ஓய்கிறது, இன்னும் குறைந்தால்தான் சாகிறது என்று கண்டார்கள். ஓய்வுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள அந்தப் பகுதிக்கு 'அரைநிழல்' என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். கிரகணத்தில் முழு இருளைச் சுற்றி விழும் மங்கலான நிழல் போன்றது என்பதால் அந்தப் பெயர்.

அந்த அரைநிழல் எவ்வளவு நேரம் தாங்கும்? 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜெப்ரி சேவர் ஒரு கணக்குப் போட்டார். மூளையின் பெரிய குழாயொன்று அடைபட்ட சராசரி நோயாளிக்கு, வைத்தியமில்லாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்திலும் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ 120 கோடி! நம் தோழருக்குக் காலை ஆறிலிருந்து மாலை நாலு. பத்து மணி நேரம். அந்தக் கணக்கைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மடிந்த நரம்பணு திரும்பாது. சூளைத் தோழர்களுக்குத் தெரியும்: பச்சை மண்ணைத் திரும்பக் குழைக்கலாம், சுட்ட மண்ணைக் குழைக்க முடியாது.

ஆயிரம் மருந்துகளின் கதை

விஞ்ஞானிகள் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் அடைபட்டிருந்தாலும் பயிர் சாகாமல் காக்க ஒரு மருந்து கிடைக்காதா என்று தேடினார்கள். நரம்பணு எப்படிச் சாகிறது என்று படிப்படியாக ஆராய்ந்தார்கள்.

ரத்தம் நின்றதும் நரம்பணுவின் சக்தி தீர்கிறது. அதன் வாசல்களைக் காக்கிற ஏற்பாடு குலைகிறது. குளூட்டமேட் என்ற ரசாயனப் பொருள் கொட்டிப்போய் அண்டை அணுக்களையும் வெறி கொள்ளச் செய்கிறது. வெளியே இருக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வெள்ளமாக உள்ளே புகுந்து அணுவை உள்ளிருந்தே அரிக்கிறது. வீடு ஒன்றில் பிடித்த தீ கூரைக்குக் கூரை தாவுவது போல நாசம் பரவுகிறது.

ஒவ்வொரு படியையும் தடுக்க ஒவ்வொரு மருந்து செய்தார்கள். கால்சியத்தைத் தடுக்க ஒன்று, குளூட்டமேட்டைத் தடுக்க ஒன்று, அணுவை அரிக்கும் நச்சுப் பொருள்களை அழிக்க ஒன்று. 2006-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, அதுவரை சோதித்துப் பார்த்த வைத்திய முறைகள் 1026! எலிகளிடத்தில் எத்தனையோ மருந்துகள் வெற்றி கண்டிருந்தன.

மனிதரிடத்தில் என்ன ஆயிற்று?

எலிகளிடம் பெரிய நம்பிக்கை தந்த ஒரு மருந்து, 2006-ல் வெளியான முதல் பெரிய சோதனையில் சிறிது பலன் காட்டியது. பத்திரிகைகள் கொண்டாடின. மறு ஆண்டு, 2007-ல், 3000 பேருக்கு மேல் சோதித்தபோது பலன் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. சிட்டிகோலின் என்ற மருந்து நம் நாட்டு மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைப்பது. அதை ஐரோப்பாவில் 2298 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் வித்தியாசமில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆம்புலன்சு வண்டியிலேயே மக்னீசியம் ஏற்றிப் பார்த்தார்கள். 1700 பேர். பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து ஏறிவிட்டது. 2015-ல் முடிவு: பலனில்லை.

இதற்குக் காரணம் என்ன? ஆய்வுக்கூடத்து எலி பெரும்பாலும் இளசு, நோயற்றது. அடைப்பு உண்டாக்கிய சில நிமிஷங்களிலேயே மருந்து கிடைக்கும். நம் ஆட்களோ வயதானவர்கள், ரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் உள்ளவர்கள், ஆஸ்பத்திரி சேரவே மணிக்கணக்காகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கும்போது மருந்து வயலுக்குள் எப்படிப் போய்ச் சேரும்? மருந்தும் அதே ரத்தத்தில்தானே போக வேண்டும்?

தோழர்களே, இதைக் கேட்டு விஞ்ஞானத்தைப் பழிக்க வேண்டாம். பலனில்லை என்ற முடிவையும் மறைக்காமல் வெளியிடுகிறார்களே, அதுதான் விஞ்ஞானத்தின் நாணயம். தேடலும் நிற்கவில்லை. நம் நாட்டிலேயே 158 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த சோவடெல்டைட் என்ற மருந்துக்கு 2023-ல் மத்திய சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் 158 என்பது சிறிய எண்ணிக்கை. முன்னே ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த பிறகு கைவிட்ட மருந்துகளின் கதையை மறந்துவிட்டு அவசரப்பட்டுக் கொண்டாடக் கூடாது.

சீனாவிலிருந்து 2023-ல் வந்த செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. பியூட்டைல்தாலைடு என்ற மருந்தை 1216 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பலன் தெரிந்தது. அந்த நோயாளிகள் யார்? அடைப்பைக் கரைக்கும் அல்லது எடுக்கும் சிகிச்சையும் பெற்றவர்கள்! மற்ற நாடுகளிலும் இது உறுதிப்பட வேண்டும். ஆனாலும் பாடம் விளங்குகிறது. முதலில் வாய்க்காலை வெட்டிவிடு, பிறகு உரம் போடு. தண்ணீர் இல்லாத வயலில் உரம் போட்டு என்ன பயன்?

நாலரை மணி நேரம்

வாய்க்காலை வெட்டிவிட வழி உண்டா? உண்டு.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. 1995-ல் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் செய்த சோதனையில், மூன்று மணி நேரத்துக்குள் அந்த ஊசி பெற்றவர்களில் அதிகம் பேர் ஊனமின்றித் தேறினார்கள். 2008-ல் ஐரோப்பிய ஆராய்ச்சி அந்தக் கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. இந்த வகையைச் சேர்ந்த டெனெக்டிபிளேஸ் என்ற மருந்து நம் புனே நகரத்திலேயே தயாராகி, 2016-ல் பக்கவாதத்துக்கு அனுமதி பெற்றது. 2015-ல் இன்னொரு முன்னேற்றம் வந்தது. தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பிக் குழலை மூளைவரை செலுத்தி, பெரிய அடைப்பை வெளியே இழுத்துவிடுகிறார்கள். தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு இதை 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-க்குள் தெரிந்தது. ஆனால் யாருக்கானாலும் முந்தியவருக்கே பலன் அதிகம்.

ஒரு எச்சரிக்கை உண்டு. குழாய் வெடித்த வகைக்கு இந்தக் கரைக்கும் ஊசியைப் போட்டால் ஆளைக் கொன்றுவிடும். அடைப்பு வகையிலும் சிலருக்கு மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. எனவே ஊசிக்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம். அந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்ட் இங்கிலாந்தில் பண்ணையில் வளர்ந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். 1971-ல் முதல் நோயாளியின் தலையை அந்தக் கருவி படமெடுத்தது. 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குடியானவர் மகன் செய்த கருவி குடியானவருக்கு நடுராத்திரியில் கிடைக்கிறதா? அதுதான் நம் கேள்வி.

ஆக, என் மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தது. வழி திறக்காமல் தானே மூளையைக் காப்பாற்றிவிடும் என்று பெரிய சோதனைகளில் உறுதிப்பட்ட ஊசி இன்றுவரை இல்லை. வழியைத் திறக்கும் வைத்தியம் இருக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாங்கள் எண்ணெய்க்கும் புறாவுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்துவிட்டோம். தொலைந்த நேரத்துக்கு ஈடாக அந்த அம்மாள் தோட்டைக் கொடுத்தார். தோடு நேரத்தை வாங்கித் தரவில்லை.

ரத்தக் கொதிப்பும் வேலை நேரமும்

விழுந்த பிறகு ஓடுவதைவிட விழாமல் தடுப்பது மேல் அல்லவா?

பக்கவாதம் பணக்காரர் வியாதி, பட்டணத்து வியாதி என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு. நம் தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 1960-களின் கடைசியிலேயே வேலூர்ப் பகுதி ஜனங்களிடையே பக்கவாதக்காரர்களைக் கணக்கெடுத்தார்கள். லட்சத்துக்கு சுமார் 57 பேர் கை கால் விழுந்து வாழ்கிறார்கள் என்று 1970-ல் வெளியிட்டார்கள். 2005-ல் திருவனந்தபுரத்தில் நகரத்தையும் கிராமத்தையும் சேர்த்துப் புதிதாக வரும் நோயாளிகளை எண்ணினார்கள். ஆண்டுக்கு லட்சத்துக்கு 135 பேர் என்ற கணக்கு வந்தது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசமே இல்லை!

2016-ல் 32 நாடுகளின் நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, பக்கவாதத்தின் முதல் எதிரி ரத்தக் கொதிப்பு என்று காட்டியது. ரத்தக் கொதிப்பு வலிக்காது. காய்ச்சல் போல் சுடாது. வேலையை நிறுத்தாது. அதனால் நாம் அதை மதிப்பதில்லை. மாத்திரை கொடுத்தால், தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிடுகிறோம். நம் சூளைத் தோழரும் அப்படித்தான். வீட்டில் தேடியபோது பாதி தின்ற மாத்திரை அட்டை மாடத்தில் கிடந்தது. அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பது. பல ஆயிரம் ரூபாய் ஊசி செய்யாததை அந்தச் சிறிய மாத்திரை முன்கூட்டியே செய்திருக்கும். பீடி, சாராயம், கஞ்சிக்கு நாளும் தொட்டுக்கொள்ளும் உப்புக் கருவாடு, ஊறுகாய் எல்லாம் இந்த எதிரியின் கூட்டாளிகள்.

இன்னொரு கூட்டாளியின் பெயரைச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள். அதன் பெயர் நீண்ட வேலை நேரம்.

இது நம் பிரசாரத்துக்காகச் சொல்வதல்ல. 2021 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து நூற்றுக்கு 35 அதிகம். 2016 என்ற ஒரே ஆண்டில், நீண்ட வேலை நேரத்தின் விளைவாகப் பக்கவாதத்தில் மாண்டவர்கள் உலகில் 3 லட்சத்து 98 ஆயிரம் பேர்!

இந்தக் கணக்கு வந்து இரண்டே ஆண்டில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அன்று நாம் எட்டு மணி நேர உரிமையைக் காத்தோம் என்று பேசினோம். அது மட்டுமா? எத்தனையோ தொழிலாளர்களின் மூளையையும் காத்தோம்! மூளையைக் காக்கும் மருந்தைத் தேடி விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் போராடுகிறார்கள். ஆலை வாசலில் சங்கம் நடத்துகிற போராட்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

விழுந்தவரை யார் தூக்குவது?

பக்கவாதம் வந்து பிழைத்தவருக்குக் கை காலைப் பழக்கும் பயிற்சி வேண்டும், பேச்சுப் பயிற்சி வேண்டும். மடிந்த நரம்பணு திரும்பாவிட்டாலும், மிஞ்சிய மூளை புது வழி கற்றுக்கொள்ளும் சக்தி உடையது. முதல் சில மாதங்கள் முக்கியமானவை.

அந்தப் பயிற்சியை வீட்டாரே கொடுத்தால் செலவு மிச்சம் அல்லவா என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகள், 1250 நோயாளிகள். குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே பயிற்சி செய்யச் சொன்னார்கள். 2017-ல் வந்த முடிவு என்ன? வழக்கமான கவனிப்பைவிட அதிகப் பலன் கிட்டவில்லை.

அந்தச் சோதனையைச் செய்தவர்களின் நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் முடிவிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடத்தைச் சொல்கிறேன். பகலெல்லாம் களை வெட்டிவிட்டு, தண்ணீர் சுமந்து, அடுப்பூதி, படுக்கையில் கிடக்கும் கணவனின் மலஜலமும் எடுக்கிற பெண்ணின் தலையில் டாக்டர் வேலையையும் சுமத்திவிட்டு சர்க்கார் கை கழுவ முடியாது. பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அவர் கிராமத்துக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் இயன்முறைப் பயிற்சியையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. உங்கள் தெருவுக்கு எத்தனை தடவை வந்தார்கள்? மாதர் சங்கத் தோழர்கள் தெருத் தெருவாகக் கணக்கெடுங்கள். வந்திருந்தால் பாராட்டுவோம். வராத தெருவுக்கு வரவழைப்போம்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு செய்தி. இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கும் தொழிலாளிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தால், அது நீடித்த நோய்ப் பட்டியலில் சேரும். நிபந்தனைகள் பூர்த்தியானால் இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் நூற்றுக்கு 80 கிடைக்கும். நம் சூளைத் தோழருக்கு அது கிடைக்கவில்லை. ஏன்? அவர் காண்டிராக்ட் தொழிலாளி. பெயர் பதிவில் இல்லை, சந்தா கட்டவில்லை. விவசாயத் தொழிலாளிக்கோ இ.எஸ்.ஐ. என்ற பேச்சே கிடையாது. விழுந்த அன்றே கூலி நின்றது. பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி நாம் கொடுக்கும் மனுவின் அருமை இப்போது தெரிகிறதா?

நாம் செய்ய வேண்டியவை

முதலில் வீட்டில்:

1. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொய்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால், இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் போதும். உடனே 108-க்குப் பேசுங்கள். "பக்கவாதம்" என்ற சொல்லைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கால் மணி நேரத்தில் தானே சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அது பெரிய அடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

2. கடைசியாக ஆள் நல்லபடி இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அது. நாலரை மணி நேரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

3. தண்ணீர், கஞ்சி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றவோ போடவோ வேண்டாம். விழுங்க முடியாமல் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எண்ணெயும் வேண்டாம், புறா ரத்தமும் வேண்டாம். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

4. பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது மட்டும் போதாது. ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, சிதம்பரம், முண்டியம்பாக்கம் ஆகிய இடங்களில் எங்கே இரவும் பகலும் இவை கிடைக்கின்றன என்று இந்த வாரமே நம் கிளைச் செயலாளர்கள் நேரில் போய்க் கேட்டு, சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆள் விழுந்த பிறகு விசாரிப்பது வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுவது போல.

5. மூளையைக் காக்கும் ஊசி என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் கேளுங்கள்: "அடைப்பைத் திறக்க வழியுண்டா? இந்த ஊசியால் தேறினார்கள் என்று பெரிய சோதனை உண்டா? போடாவிட்டால் என்ன ஆகும்?" கேட்பது நோயாளியின் உரிமை. பதில் கிடைக்கும் முன் தோட்டைக் கழற்றாதீர்கள்.

6. முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ரத்தக் கொதிப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை ஆரம்பித்தவர் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

அடுத்து, சங்கத்தின் கோரிக்கைகள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகப் போகிறது. பெரிய பெரிய வண்டிகள் இரவெல்லாம் பறக்கின்றன. அந்த வேகம் நம் நோயாளிக்கும் கிடைக்க வேண்டாமா? வட்டத் தலைநகரான வேப்பூரிலிருந்து எந்த நேரத்திலும், நாலரை மணி நேரத்துக்குள் ஸ்கேனும் ஊசியும் கிடைக்க ஏற்பாடு வேண்டும். கரைக்கும் மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருப்பில் இல்லை என்ற பேச்சே கூடாது. காண்டிராக்ட் தொழிலாளர் அனைவருக்கும் இ.எஸ்.ஐ. பதிவு வேண்டும். விவசாயத் தொழிலாளர்களுக்கு அதற்கு ஈடான பாதுகாப்பு வேண்டும். சூளையிலும் ஆலையிலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் கட்டாய வேலை கூடாது. ஆலை வாசலிலும், நூறு நாள் வேலை நடக்கும் இடங்களிலும், ஆட்டுச் சந்தையிலும் ரத்தக் கொதிப்பு பார்க்கும் முகாம் நடத்த வேண்டும். இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி ஆயிரம் கையெழுத்தோடு கொடுப்போம்.

தோழர்களே! போன வாரம் அந்தத் தோழரைப் பார்க்கப் போனேன். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் என் தவறைச் சொன்னேன். "அன்றைக்குத் தூங்கட்டும் என்று சொன்னவன் நான்தான். தெரியாமல் சொன்னேன்" என்றேன். அவருக்கு இன்னும் பேச்சு முழுதாக வரவில்லை. இடது கையால் என் தோளைத் தட்டினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, "எல்லாருக்கும் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள். நம் வீட்டு மூளையைக் காக்கும் முதல் மருந்து நேரம். இரண்டாவது மருந்து அன்றாட மாத்திரை. மூன்றாவது மருந்து சங்கம். முதல் இரண்டும் ஏழைக்கு எட்டும்படி செய்வது அந்த மூன்றாவதுதான்.

இது சங்க விஷயமா இல்லையா? தீர்ப்பை உங்களிடமே விட்டு அமர்கிறேன்.